நம் ஊருக்கு வந்து சேர்ந்த உயிர்களை இனங்காணுதல்: யாழ்ப்பாணத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மாரி தொடங்கி இரண்டு மூன்று நல்ல மழை பெய்தபின், விடியற்காலையில் ஒரு ரோச் லைற்றுடன் மதிலோரமாக நடந்து பார்த்தால், யாழ்ப்பாணத்து வளவு ஒன்றில் உள்ளங்கை நீளமுள்ள நத்தை ஒன்று சுண்ணாம்பு பூசிய சுவரை அரித்துக்கொண்டிருப்பதைக் காண நேரலாம். அது கிழக்கு ஆபிரிக்காவுக்கு உரிய இராட்சத நத்தை. ஏறத்தாழ 1900 ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்து சேர்ந்த இந்த நத்தையைப் போல, வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வழிகளில் மனிதரோடு வந்து நம் மண்ணிலும் நீரிலும் தங்கிவிட்ட உயிரினங்கள் பல உள்ளன. அவற்றைக் கண்டுபிடிக்கவும், சரியாக இனங்காணவும், உரிய இடத்துக்கு அறிவிக்கவும் விரும்புகின்ற, இதற்கு முன் இயற்கை அவதானிப்பில் பழக்கமில்லாத ஒருவருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில், யார் அயலார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

தொடங்குவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, இதுவரை தாம் காணாத ஒன்றை அயல்நாட்டு இனம் என்று எண்ணிவிடுவதால் வருகின்றன. மண்டைதீவுப் பாலத்தருகிலும் அராலிக் கடனீரேரியிலும் திரளாக வந்திறங்கும் பூநாரைகள் நமக்கு அரிய காட்சிதான். ஆயினும் அவை தாமாகப் பறந்து வரும் விருந்தாளிகள். வாடைக்காற்றுக் காலத்தில் சுண்டிக்குளத்தை நாடி வரும் ஊசிவால் வாத்துகளும் அப்படியே. அயல் இனம் என்ற சொல் மனிதர் தெரிந்தோ தெரியாமலோ கொண்டுவந்து சேர்த்த உயிரினத்துக்கே உரியது.

அப்படிக் கொண்டுவரப்பட்டவை எல்லாம் தீங்கானவையும் அல்ல. யாழ்ப்பாணத்தின் அடையாளமாகிப்போன புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். மிளகாய், மரவள்ளி, பப்பாளி ஆகியவையும் அங்கிருந்தே வந்தன. தோட்டத்தில் நாம் நட்டால் வளர்ந்து, விட்டால் ஒழிந்துபோகும் இவற்றால் சுற்றாடலுக்குப் பெரிய இடர் இல்லை. மனிதரின் துணையில்லாமல் தாமாகப் பெருகி, இங்குள்ள உயிர்களின் இடத்தையும் உணவையும் பறிக்கின்றவற்றையே ஆக்கிரமிப்பு இனங்கள் என்கிறோம். நீங்கள் காணும் ஒவ்வொன்றையும் சுதேச இனமா, வலசை வந்த விருந்தாளியா, மனிதர் கொண்டுவந்ததா, கொண்டுவந்தவற்றுள் ஆக்கிரமிப்பதா என்று வரிசையாகக் கேட்டுப் பழகுங்கள். இந்த ஒழுங்கு மாறினால் முடிவும் பிழைத்துவிடும்.

வடக்குக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. நம் குடாநாட்டின் காலநிலையும் சுண்ணாம்புக்கல் நிலமும் தென்னிலங்கையிலிருந்து வேறுபட்டவை. தீவின் மற்றப் பகுதிகளில் அரிதான சில பறவைகள் இங்கே இயல்பாக வாழ்கின்றன. சாம்பல் நிறக் கௌதாரி, கழுத்தின் பின்புறம் கறுப்புக் கோடு கொண்ட வெளிர்சாம்பல் புறா, நீண்ட வாலுடைய கீச்சான் ஆகியவை அத்தகையவை. நாடு முழுவதற்குமாக எழுதப்பட்ட கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு இவை எங்கிருந்தோ வந்தவை போலத் தோன்றக்கூடும். உண்மையில் இவை இம்மண்ணுக்கே உரியவை.

உங்கள் வளவை ஒரு மாதம் பாருங்கள்

அயலாரைத் தேடிப் புறப்படுவதற்கு முன் சொந்த வளவை அறிவதே சரியான தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு கொப்பியை எடுத்து, கிணற்றடி, வேலியோரம், கோடிப்புறம், பனங்கூடல் என்று வளவைப் பகுதிகளாகப் பிரித்து, வாரத்தில் இரண்டு நாட்கள் காலையில் அரை மணி நேரம் கண்ணில் பட்டவற்றை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் வடிவத்தையும் நிறத்தையும் எழுதினால் போதும். வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேளுங்கள்: இந்தப் பூண்டு நீங்கள் சிறுவயதில் கண்டதா, இந்த நத்தை அப்போது இருந்ததா, இந்த மீனைக் கேணியில் யார் விட்டார்கள்? தோட்டம் செய்த ஒருவரின் நினைவு பல நேரங்களில் எந்தக் கையேட்டிலும் கிடைக்காத தகவலைத் தரும். ஆனால் நினைவைச் சான்றாகக் கொள்ளாமல், தேடலைத் தொடங்கும் இடமாகக் கொள்ளுங்கள்.

மாதம் முடியும்போது உங்கள் கொப்பியில் நாற்பது ஐம்பது உயிர்கள் சேர்ந்திருக்கும். அதன்பின் புதிதாக ஒன்று வந்தால் கண் தானாகவே அதில் போய் நிற்கும்.

எங்கே தேடுவது

அயல் இனங்கள் பொருட்களோடு வருகின்றன. ஆகவே பொருட்கள் வந்திறங்கும் இடங்களே முதலில் பார்க்க வேண்டியவை. நாற்றுமேடைகளில் விற்கப்படும் பூங்கன்றுகளின் பொலித்தீன் பைகளில் உள்ள மண், வீடு கட்டப் பறித்துவைத்த மணல், மரக்கறி லொறிகள் நிற்கும் சந்தைப் பின்புறம், வைக்கோலும் மாட்டுத்தீனும் இறக்கும் கொட்டில், வீதிகளின் இருமருங்கு, துறைமுகங்களை அண்டிய வெறுங்காணிகள் ஆகியவற்றை ஒழுங்காகப் பார்த்து வந்தால் போதும். கன்று வாங்கும்போது பையின் அடியைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் ஒன்றே பல நத்தை முட்டைகளை உங்கள் வளவுக்குள் வராமல் தடுத்துவிடும்.

நீரைப் பொறுத்தவரை, யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாறும், குளங்களும், கோயில் கேணிகளும், ஆயிரக்கணக்கான கிணறுகளுமே நன்னீர் உயிர்களின் இடங்கள். வளர்ப்பு மீன்களை மக்கள் கொண்டுவந்து விடுவதும் இவற்றில்தான்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையோ நாடாவோ உள்ள காணிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் கால் வைக்கக்கூடாது; ஆட்கள் நடமாடாமல் நீண்டகாலம் பற்றையாகக் கிடந்த நிலத்துக்குள் உள்ளூரவர் ஒருவரைக் கேட்காமல் போகவும் கூடாது. இராணுவ முகாம்களுக்கு அருகில் கமராவை எடுக்காதீர்கள். பிறர் வளவுக்குள் போவதென்றால் வீட்டுக்காரரிடம் கேட்டு, என்ன பார்க்கிறீர்கள் என்பதை விளக்கிவிட்டுப் போங்கள். பெரும்பாலும் அவர்களே கூட வந்து இன்னும் இரண்டு இடங்களைக் காட்டுவார்கள்.

கையில் வேண்டியவை

கைபேசி, கொப்பி, பேனை, ரோச் லைற், இறப்பர்க் கையுறை, அளவுக்கு அருகில் வைக்க ஒரு பத்து ரூபாய் நாணயம். இவற்றுக்கு மேல் தொடக்கத்தில் ஒன்றும் வாங்கத் தேவையில்லை.

முதலில் பழக வேண்டிய மூன்று

ஆரம்பத்திலேயே நீண்ட பட்டியலை மனனம் செய்ய முயல வேண்டாம். மூன்றை மட்டும் ஐயமறத் தெரிந்துகொள்ளுங்கள். அவற்றைப் பார்க்கப் பழகிய கண் மற்றவற்றையும் கண்டுபிடிக்கும்.

முதலாவது, ஆபிரிக்க இராட்சத நத்தை. கூம்பு வடிவ ஓடு, ஏழு முதல் ஒன்பது சுற்றுகள், மண்ணிறத்தின்மேல் மேலிருந்து கீழாக ஓடும் கருமையான தீற்றல்கள் என்பன இதன் அடையாளங்கள். சாதாரணமாக ஏழு முதல் பத்து சென்ரிமீற்றர் வரை இருக்கும். மிக முதிர்ந்தவை இருபதை எட்டுவதும் உண்டு. இங்கே தோட்டங்களில் காணப்படும் சுதேச நத்தைகளுள் பல தட்டையாக உருண்ட ஓடுடையவை, மிகச் சிறியவை. ஒரு முறை அயல்வீட்டுப் பிள்ளைகள் வாளி நிறையச் சிறு நத்தைகளைப் பொறுக்கி, உப்பிட்டு அழிப்பதற்காக என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். ஓடுகளைப் பார்த்தபோது அவற்றுள் பாதிக்கு மேல் தட்டையான ஓடுடையவை, உக்கிய இலைகளைத் தின்று வாழ்பவை. அவற்றைத் திரும்பவும் வாழையடியில் விட்டோம். கூம்பா தட்டையா என்று பார்க்கும் அந்த ஒரு கணம் அவ்வளவு முக்கியமானது.

இந்த நத்தை இரவில் உலாவும். பகலில் கல்லடியிலும், தேங்காய் மட்டைக் குவியலிலும், வாழைச் சருகுக்குள்ளும் ஒளிந்திருக்கும். வெயில் காலத்தில் ஓட்டின் வாயை வெண்மையான படலத்தால் மூடிக்கொண்டு மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். ஆகையால் கோடையில் வெற்று ஓடு என்று நினைத்து எறிந்துவிடாமல் வாயைத் திருப்பிப் பாருங்கள். ஒரே தடவையில் நூறு முதல் நானூறு வரையான முட்டைகளை மண்ணுக்குள் இடும்; இளமஞ்சள் கலந்த வெண்ணிறத்தில், மிளகின் பருமனில் அவை குவியலாக இருக்கும். ஓடு வளர்வதற்குச் சுண்ணாம்பு தேவைப்படுவதால் மதிலையும் அரிக்கிறது. சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்த நம் குடாநாட்டில் அந்தத் தேவைக்குக் குறைவே இல்லை.

வெறுங்கையால் இதைத் தொடக்கூடாது. மனிதரின் மூளையுறையைத் தாக்கக்கூடிய எலி நுரையீரல் புழுவை இந்த நத்தை காவும். கையுறையுடன் எடுங்கள், பின்னர் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள், நத்தை ஊர்ந்த கீரையைப் பச்சையாக உண்ணாதீர்கள். ஈரச் சாக்கையும் பப்பாளி இலைகளையும் மாலையில் வைத்தால் விடியுமுன் அவற்றின்கீழ் வந்து கூடும். இனம் உறுதியான பின் உப்புக் கரைசல் வாளியில் இட்டுக் கொன்று, ஆழமாகப் புதைக்கலாம். உப்பை நிலத்தில் தூவினால் மண்ணும் கெடும், கிணற்று நீரும் கெடும். ஏற்கெனவே உவரோடு போராடும் ஊரில் அதைச் செய்யவே கூடாது.

இரண்டாவது, பார்த்தீனியம். மெக்சிகோ வளைகுடாவைச் சூழ்ந்த நிலங்களுக்கு உரிய இந்தப் பூண்டு, 1987 முதல் 1990 வரை இங்கிருந்த இந்திய அமைதிப் படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வந்ததென்று பரவலாகக் கருதப்படுகிறது. இலங்கையில் இது 1999 ஆம் ஆண்டு வவுனியாவில் இனங்காணப்பட்டது. இளஞ்செடியின் இலை கரட் இலையைப் போலப் பிளவுபட்டு நிலத்தோடு படிந்து விரிந்திருக்கும். பிறகு தண்டு நிமிர்ந்து மார்பளவு வரை உயர்ந்து, மூக்குத்திக் கல் அளவில் வெள்ளைப் பூக்களைச் சொரியும். ஒரு செடி பத்தாயிரத்துக்கு மேற்பட்ட விதைகளைத் தரவல்லது. தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும், சிலருக்கு மூச்சிழுப்பையும் உண்டாக்கும். பூக்குமுன், மண் ஈரமாயிருக்கும்போது, கையுறையும் முகக்கவசமும் அணிந்து வேரோடு பிடுங்குவதே நல்லது. பூத்த செடியை வீதியால் இழுத்துச் செல்பவர் விதையைத் தாமே விதைத்துக்கொண்டு போகிறார்.

மூன்றாவதைக் கிணற்றுக்குள் பார்க்க வேண்டும். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில், இந்தியப் பெருநிலத்தின் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்ற நுளம்பு முதன்முறையாக இந்நாட்டில் கண்டறியப்பட்டது; அதன்பின் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. வயல் நீரையோ ஆற்றுக் குழிகளையோ நம்பியிராமல், கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் பெருகக்கூடியது என்பதால் கிணறு இல்லாத வீடு அரிதான நம் ஊரில் இது பெருங்கவலைக்குரியது.

இந்த நுளம்பைச் சாதாரணக் கண்ணால் உறுதிசெய்ய முடியாது. நம்மால் முடிவது அனோபிலிஸ் வகை என்று ஐயுறுவதே. ஒரு வெள்ளைக் கோப்பையை நூலில் கட்டி இறக்கிக் கிணற்று நீரின் மேற்பரப்பை அள்ளிப் பாருங்கள். டெங்கைப் பரப்பும் நுளம்பின் குடம்பி நீரின் மேற்பரப்பிலிருந்து தலைகீழாகத் தொங்கும். அனோபிலிஸ் குடம்பி மேற்பரப்போடு கிடையாக, ஒரு துரும்பு மிதப்பது போலக் கிடக்கும். சுவரில் அமரும் வளர்ந்த நுளம்பும் பின்புறத்தை உயர்த்திச் சாய்வாகவே இருக்கும். இங்கே வேறு அனோபிலிஸ் இனங்களும் நெடுங்காலமாக உண்டு; ஆகவே கண்டவுடன் அயல்வீட்டாரை அச்சுறுத்தாமல், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ மலேரியாத் தடை இயக்கத்தின் பிராந்திய அலுவலகத்துக்கோ சொல்லுங்கள். அவர்கள் மாதிரி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள்.

குளத்திலும் கேணியிலும்

நுளம்பைத் தின்னட்டும் என்று கிணறுகளில் விடப்படும் கப்பி மீனும் அயல் இனமே. தென்னமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. ஆண்மீன் சிறிய வண்ண வால் கொண்டது. பெண்மீன் நிறமற்றது, வயிற்றின் பின்புறத்தில் கரும்புள்ளி ஒன்று தெரியும், முட்டையிடாமல் குஞ்சை ஈனும். மூடிய கிணற்றுக்குள் இருக்கும்வரை பெரிய கேடில்லை. அதைக் குளத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் பிழை. தலையுச்சியில் வெள்ளிப் பொட்டு மின்ன நீரின் மேல்மட்டத்தில் நீந்தும் சிறு மீன் ஒன்று இலங்கையின் தாழ்நில நீர்நிலைகளுக்கே உரியது. அதுவும் குடம்பிகளைத் தின்னும். உங்கள் குளத்தில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நம்மவர் யப்பான் மீன் என்று அழைக்கும் திலாப்பியா ஆபிரிக்காவிலிருந்து 1952 ஆம் ஆண்டில் உணவுக்காக இங்கு கொண்டுவரப்பட்டது. நீர் வற்றும் காலத்தில் குளத்தின் அடியில் தட்டுப் போன்ற வட்டக் குழிகள் வரிசையாகத் தெரிந்தால் அவை அதன் ஆண்மீன்கள் தோண்டிய கூடுகளாக இருக்கலாம். நம் கடனீரேரிக்குச் சொந்தமான, உடலில் முத்துப் போன்ற புள்ளிகள் பரந்த, வாய் சிறுத்த மீனோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வளர்ப்புக் கடைகளில் விற்கப்படும், கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை கொண்ட ஆமையைக் கேணியிலோ குளத்திலோ கண்டால் தெளிவான படம் எடுத்து உடனே அறிவியுங்கள். வீட்டில் வளர்க்க முடியாமற்போன எந்த மீனையும் ஆமையையும் புண்ணியம் என்று எண்ணி நீர்நிலையில் விட வேண்டாம்.

தென்னையிலும் ஒரு பார்வை வையுங்கள். ஓலையின் கீழ்ப்புறத்தில் வெள்ளை மெழுகு சுருள் சுருளாகப் படிந்து, மேற்புறம் கரி பூசியதுபோலக் கறுத்திருந்தால் அது வெள்ளை ஈயின் வேலை. கறுப்பு நிறம் நோயன்று. ஈ சுரக்கும் இனிப்பு நீரில் வளரும் பூஞ்சணம்.

நெடுந்தீவுக்கு ஒரு நாள்

கைவந்த பின், குறிகட்டுவானிலிருந்து படகேறி நெடுந்தீவுக்கு ஒரு முறை போய் வாருங்கள். அயல் இனம் என்ற சொல்லின் பொருள் எவ்வளவு விரிந்தது என்பதை வேறெந்த இடமும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்தில் கொண்டுவந்து வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை அங்கே வெளிகளில் கட்டற்றுத் திரிகின்றன. ஆபிரிக்காவிலிருந்து வந்த பெருக்கு மரம் ஒன்றும் அங்கே நிற்கிறது. இரண்டும் வெளியிலிருந்து வந்தவை; இரண்டையும் அத்தீவு மக்கள் தம்முடையவையாகவே கருதுகிறார்கள், அந்தப் பற்று எனக்கும் உண்டு. 2015 இல் அத்தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குதிரைகளைத் துரத்தாமல், உணவு கொடுக்காமல், தூரத்திலிருந்து எண்ணுங்கள். குட்டிகள் எத்தனை, நீர்க்குழிகளில் தண்ணீர் உண்டா, உடல் மெலிந்தவை எத்தனை என்று எழுதுங்கள். வறண்ட மாதங்களில் தண்ணீரில்லாமல் அவை படும் துன்பம் பெரிது. அந்த மாதங்களில் எடுக்கப்படும் குறிப்புகளுக்கு அதனாலேயே மதிப்பு அதிகம்.

குறிப்பெடுத்தல், உறுதிசெய்தல், அறிவித்தல்

ஒரு பதிவில் திகதி, நேரம், இடம், வானிலை, எண்ணிக்கை, அது என்ன செய்துகொண்டிருந்தது என்பன இருக்க வேண்டும். படம் ஒன்று போதாது: நத்தையென்றால் பக்கவாட்டிலும் ஓட்டின் வாயும், செடியென்றால் இலை, பூ, தண்டு, முழுத் தோற்றம், மீனென்றால் துடுப்பு விரிந்த நிலை எனப் பல கோணங்களில் எடுங்கள், ஒன்றிலாவது நாணயம் அருகில் இருக்கட்டும். தேடியும் காணவில்லை என்பதையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அங்கே அது தோன்றும்போது, முன்னர் இல்லை என்பதற்கு உங்கள் கொப்பியே சான்றாகும்.

ஐநேச்சுரலிஸ்ட் என்ற இலவசச் செயலியில் படத்தை ஏற்றினால், அது ஒரு பெயரை முன்மொழியும். பின்னர் வேறு அவதானிப்பாளர்கள் பார்த்து ஒத்துக்கொள்வார்கள் அல்லது திருத்துவார்கள். செயலி முதலில் சொல்லும் பெயரை முடிவாகக் கொள்ளாதீர்கள். வளர்ப்பு உயிரா, தானாக வாழ்வதா என்று அது கேட்கும் கேள்விக்கு உண்மையாக விடையளியுங்கள். சாடியில் வைத்த பூங்கன்றைக் காட்டுச் செடியாகப் பதிந்தால் பரம்பலைக் காட்டும் வரைபடமே பொய்யாகிவிடும். வீட்டு வளவென்றால் இடத்தை மறைத்துப் பதியும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

பயிரையோ தோட்டத்தையோ பாதிப்பது என்றால் கமநல சேவை நிலையத்துக்குச் சொல்லலாம், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். விலங்கு என்றால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். பெயர் தெரியாத விசித்திரமான ஒன்று என்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறைக்கோ தாவரவியல் துறைக்கோ படங்களுடன் எழுதுங்கள். உயிருள்ள மாதிரியைப் பையில் போட்டு ஊர் ஊராகக் கொண்டு திரியாதீர்கள். பார்த்தீனியம் பரவுவதும் நத்தை முட்டை பரவுவதும் அப்படித்தான்.

மறுமொழி வரும்வரை, கண்ட இடத்துக்குப் பத்து நாளுக்கொரு முறை போய்ப் பாருங்கள். அதே கல்லைப் புரட்டி, அதே மதிலோரம் நடந்து, எண்ணிக்கை கூடியதா குறைந்ததா என்று முன்னைய குறிப்பின் கீழேயே எழுதுங்கள். மாரி முடிந்து தை பிறக்கும்போது ஒரு முறை, மீண்டும் அடுத்த ஐப்பசியில் முதல் மழைக்கு மறுநாள் ஒரு முறை அங்கே நிற்பதற்கு இப்போதே நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.